இருபத்திமூணு சென்னிமலை

உக்காருங்க சார். அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் சரியில்ல. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. எப்படியும் அரை மணி நேரம் ஆகும். நெட்டுல இருக்கற வாழ்த்து மடலை எடுத்து, வேர்டுல ஒட்டி, உங்க மானேஜர் பேரை மாத்தி, பார்டர் போட்டுத் தரோணும், அவ்வளவுதானுங்களே. தர்றேன். ஆனா பேரை நான் ஒவ்வொண்ணாத்தான் மாத்துவேன். அவசரம்னா பக்கத்துல செல்ஃபோன் கடையில கேட்டுப் பாருங்க.

என்னங்க? ஒரே பட்டன்ல எல்லாப் பேரும் மாறிருமா? தெரியுமுங்க சார். பதினெட்டு வருசமா பஸ் ஸ்டேண்டுக்கு எதுத்தாப்பல கடை வெச்சிருக்கறேன், சுலோச்சனா டைப்பிங்னா நம்மூர்ல தெரியாதவங்க இல்ல. எனக்கு அந்தப் பட்டன் தெரியாதுங்களா. தெரிஞ்சதுனாலதான் தொடறதில்ல. அது நம்பிக்கைத் துரோகி சார்.

இந்தத் தொழில் பாக்கறதுக்குத்தான் லேசு. நெட்டுல இருக்கற பக்கத்தை அப்படியே காப்பி பண்ணி வேர்டுல ஒட்டுனீங்கன்னா, கூப்பிடாத ஒறம்பரையெல்லாம் கூடவே வந்து உக்காந்துக்கும். நடுவுல மூட்டுவலித் தைலம் வரும். 'இதையும் படிங்க'ன்னு எவனோ மூணாவது கல்யாணம் பண்ணுன செய்தி வரும். நீலக் கலர்ல அடிக்கோடு வரும், கட்டம் கட்டமா வரும், அந்தக் கட்டம் பேப்பரைத் தாண்டி வெளிய போயிரும். அதையெல்லாம் பொறுக்கி எடுத்து வெறும் எழுத்தா ஆக்கறதுக்குள்ள எனக்குக் கழுத்து பிடிச்சுக்கும். சனங்க என்ன நெனைக்கறாங்கன்னா, ரெண்டு தட்டுத் தட்டுனா வந்துரும்னு. வந்துரும், தைலத்தோட வரும்.

வாழ்த்து மடலைப் பொறுத்தவரைக்கும் ஊருக்கே ஒரே மடல்தானுங்க. யாரோ ஒரு புண்ணியவான் அவங்க தலைமையாசிரியர் ரிட்டயர்டு ஆனப்ப எழுதி நெட்டுல போட்டுட்டாரு. அந்த வாத்தியார் பேரு மணி. நல்லா எழுதியிருப்பாங்க, படிச்சா கண்ணுல தண்ணி வரும். அந்த மணி வாத்தியாரை நான் வி.ஏ.ஓ.வா ஆக்கியிருக்கறேன், மாட்டு டாக்டரா ஆக்கியிருக்கறேன், கூட்டுறவு சங்கச் செயலாளரா ஆக்கியிருக்கறேன். பாவம், எத்தனை தடவை ரிட்டயர்டு ஆவாரு. இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு குத்தம் சொன்னதில்ல. சென்னிமலை அண்ணன் விசயத்துலதான் இப்படி ஆயிப்போச்சு.

சென்னிமலைங்கறது ஆள் பேருங்க சார். ஊர் பேரும் அதேதான், மலை மேல முருகன் இருக்கறாரே அந்த ஊரு. அந்த முருகனுக்கு வேண்டிக்கிட்டுப் பெத்ததால அவங்கம்மா அந்தப் பேரை வெச்சிருச்சு. அவரு இந்த பஸ் ஸ்டேண்டுல டைம் கீப்பரா இருந்தாரு. எந்த வண்டி எத்தனைக்கு வந்துச்சு, எத்தனைக்குப் போகோணும்னு நோட்டுல குறிச்சு, விசில் ஊதி அனுப்பறாங்க பாருங்க, அந்த வேலை. ரெண்டு நிமிசம் எச்சா நின்னா டிரைவரைக் கிழிச்சு எறிஞ்சுருவாரு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பஸ் டைம் சொல்லுவாருன்னு பேசிக்குவாங்க.

அவருக்கு ஒரு தம்பி, திருமூர்த்தி. தேங்காய் உரிச்சுக் காயப் போடற களம் வெச்சிருக்கறாரு. அஞ்சாங் கிளாசுக்கு மேல படிக்கல. அண்ணனும் தம்பியும் பதினோரு வருசமாப் பேச்சு வார்த்தையில்ல. சொத்துத் தகராறெல்லாம் கெடையாதுங்க. தம்பி மக கண்ணாலத்துக்கு அடிச்ச பத்திரிகையில அண்ணன் பேரு இல்ல. சித்தப்பா பேரு இருந்துச்சு, மாமன் பேரு இருந்துச்சு, மலேசியாவுல இருக்கற யாரோ ஒருத்தர் பேரு கூட இருந்துச்சு, கூடப் பொறந்த அண்ணன் பேரு இல்ல. பத்திரிகையைப் பிரிச்சுப் பாத்துட்டு சென்னிமலை அண்ணன் மடிச்சு, உறையில போட்டு, கொண்டாந்தவங்க கையிலயே திருப்பிக் குடுத்துட்டாராம். கண்ணாலத்துக்கும் போகல.

அந்தப் பத்திரிகை நம்ம கடையிலதான் அடிச்சது. அது வேற விசயம்.

இல்லீங்க, நீங்க பாக்கற பார்வை புரியுது. திருமூர்த்தி எழுதிக் குடுத்த பேப்பர்ல சென்னிமலைங்கற பேரு ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல, மடிப்புல இருந்துச்சு. மடிப்புல எழுதுனா யாருக்குங்க தெரியும். புரூஃப் பாத்துக் கையெழுத்துப் போட்டது யாரு? அவரு. அஞ்சாங் கிளாஸ் படிச்சவரு புரூஃப் பாத்தா அப்படித்தான் இருக்கும். தம்பி பாவம், கம்ப்யூட்டர் கடையில விட்டுப்போச்சுங்ணான்னு ஆள் மேல ஆளா சொல்லி அனுப்பிச்சாரு. அண்ணன் நம்பல. ஒரு நாள் அண்ணன் சம்சாரம் ருக்குமணியக்கா நேராக் கடைக்கே வந்துட்டாங்க. "சுலோச்சனா, நீ விட்டுட்டயா, இல்ல எங்க கொழுந்தன் விடச் சொன்னாரா, உண்மையச் சொல்லு"ன்னாங்க. நான் என்னங்க சொல்றது. கஸ்டமர் எழுதிக் குடுத்ததைத்தான் அக்கா நாங்க அடிப்போம்னு சொன்னேன். தொழில்ல அப்படித்தான் சொல்லோணும். கடைப் பேரு ஒருக்கா கெட்டுப்போச்சுன்னா அடுத்த பத்திரிகை வருமா? எதுத்த வரிசையில அப்பத்தான் புதுசா ஒருத்தன் கடை போட்டிருந்தான்.

அதுக்கு அக்கா சரின்னுட்டுப் போயிட்டாங்க.

போன ஆனி மாசம் திருமூர்த்தி கடைக்கு வந்தாரு. பத்திரிகை விவகாரத்துக்கு அப்பறம் பதினோரு வருசத்துல அன்னிக்குத்தான் படியேறுனாரு. இந்த ஸ்டூல்லதான் உக்காந்தாரு. "ஏனுங் அம்மணி, அண்ணன் ஞாயித்துக்கெழமை ரிட்டயர்டு ஆகறாரு. அடுத்த வாரம் ஓசூர்ல பையன் ஊட்டுக்கே போயிர்றாராம். போயிட்டாருன்னா அப்பறம் எனக்கு ஏது அண்ணன்"னாரு. மண்டபத்துல பஸ்காரங்க விழா வெக்கறாங்க, அவங்க சங்கத்துச் செயலாளரைப் புடிச்சுக் கெஞ்சி அஞ்சு நிமிசம் வாங்கியிருக்கறேன், மேடையில ஒரு மடல் படிக்கோணும்ங்கறாரு. என்ன எழுதோணும்னு கேட்டேன். "எனக்கென்ன எழுதத் தெரியும். நெட்டுல நல்லதாப் பாத்து எடுத்துக் குடுங்க. அண்ணன் பேரு மட்டும் விட்டுறாதீங்க. ஒரு எடத்துல கூட விட்டுறாதீங்க"ன்னாரு. அந்த ஒரு எடத்துல கூடங்கறதை ரெண்டு தடவை சொன்னாரு சார். எனக்குச் சுருக்குன்னுச்சு.

அதனாலதாங்க அந்தப் பட்டன். அந்த வாரந்தான் ஒரு வீடியோவுல பாத்துக் கத்துக்கிட்டேன். கையில மாத்துனா ஒண்ணு ரெண்டு விட்டாலும் விட்டுப்போகும், பட்டன் விடாதுன்னு அந்தப் பையன் வீடியோவுல அடிச்சுச் சொன்னான். மொதல்ல 'மாணவர்'ங்கறதை எல்லாம் 'பயணி'ன்னு மாத்துனேன். சொன்னபடி மாறுச்சு. பள்ளிங்கறதைக் கையிலயே பஸ் நிலையம்னு ஆக்குனேன். வாத்தியார் சம்சாரம் பேரு இருந்த எடத்துல ருக்குமணின்னு அடிச்சேன். அப்பறம், மேல் பெட்டியில 'மணி', கீழ்ப் பெட்டியில 'சென்னிமலை'ன்னு அடிச்சு, பட்டனைத் தட்டுனேன். இருபத்திமூணு எடத்துல மாத்தியாச்சுன்னு கம்ப்யூட்டரே சொல்லுச்சு.

எனக்கே ஆச்சரியம். இத்தனை நாளா நான் கையில மாத்தறப்ப எட்டோ ஒம்பதோதான் வரும். பாத்தீங்களா, இத்தனை வருசமா இவ்வளவு விட்டிருக்கறோம் போலன்னு நெனைச்சுக்கிட்டேன். திருமூர்த்திகிட்ட, "உங்க அண்ணன் பேரு இருபத்திமூணு எடத்துல வருதுங்க"ன்னேன். மனுசன் மொகத்தைப் பாக்கோணுமே. "ஒருக்கா விட்டுப்போனதுக்கு இருபத்திமூணு தடவை போட்டாச்சு"ன்னு சொல்லிச் சொல்லி எந்திரிச்சுப் போனாரு.

படிச்சுப் பாக்கலியான்னு கேக்கறீங்க. பார்டரைப் பாத்தேன் சார். பார்டர் அம்சமா இருந்துச்சு.

ஞாயித்துக்கெழமை கண்ணாடிக் கடைக்காரன் ஃப்ரேம் போட்டுத் தர நேரமாக்கிட்டான், நானே மண்டபத்துக்கு எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன். மத்தியானச் சாப்பாடு இருந்துச்சு, அதனால உக்காந்துட்டேன். மேடையில சென்னிமலை அண்ணன் மாலையோட உக்காந்திருக்கறாரு, பக்கத்துல ருக்குமணியக்கா. செயலாளர் மைக்குல, இப்ப அவருடைய தம்பி மடல் வாசிப்பார்னு சொன்னதும், அண்ணன் மொகத்தை அக்கட்டால திருப்பிக்கிட்டாரு. சுவத்துல ஒரு ஃபேன் இருந்துச்சு, அதையவே பாத்துட்டு உக்காந்திருக்கறாரு. திருமூர்த்தி ஃப்ரேமைக் கையில ஏந்திக்கிட்டு மைக் முன்னால நின்னாரு. நானும் சேர் நுனிக்கு வந்துட்டேன். என்ன இருந்தாலும் நம்ம கடை மடல் இல்லீங்களா.

அவரு எழுத்துக் கூட்டித்தான் படிப்பாரு. என்ன இருக்குதோ அதைத்தான் படிப்பாரு. "மாண்புமிகு சென்னிமலை அவர்களே"ன்னு ஆரம்பிச்சாரு, கம்பீரமாத்தான் இருந்துச்சு. அடுத்து, "காலை ஐந்து சென்னிமலைக்கு எழுந்து"ன்னாரு.

எனக்குப் புரியவே ஒரு நிமிசம் ஆச்சுங்க. அஞ்சு மணிக்கு எழுந்து. மணி. அந்த நாசமாப் போற பட்டன் வாத்தியார் மணி, கடிகார மணின்னு வித்தியாசம் பாக்கல சார், கண்ட மணியெல்லாம் சென்னிமலை ஆக்கி வெச்சிருக்குது. எந்திரிச்சுப் போய் மைக்கைப் புடுங்கலாமான்னு பாத்தேன், நடுவுல நாலு வரிசை சேர்.

"ஆறு சென்னிமலைக்கு ஆண்டவனை வணங்கி"ன்னாரு. அது பரவால்ல, முருகன் கோயில்னு எடுத்துக்கிட்டு ரெண்டு பேரு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. "எட்டு சென்னிமலைக்கெல்லாம் பஸ் நிலையத்தில் இருப்பார்"ன்னாரு. பின்னாடி டிரைவருங்க வரிசையில சிரிப்பு கெளம்பிருச்சு. "தவறு செய்யும் பயணிகளை முட்டி போட வைப்பார். அடுத்த நொடியே அள்ளி அணைத்துக்கொள்வார்"ன்னாரு. ஒரு கண்டக்டர் சேரோட பின்னால சாஞ்சுட்டான். "இவர் சென்னிமலை அடித்தால் பஸ் நிலையமே அடங்கும். பெண்சென்னிமலைகளைத் தாயாக மதித்தவர். இல்லத்தரசி ருக்குசென்னிமலையின் இதயம் கவர்ந்தவர்." ருக்குசென்னிமலைங்கறதுல என்னங்க தப்பு. பொண்டாட்டி பேரோட புருஷன் பேரைச் சேர்க்கறதுதானே. அதுக்கும் சிரிக்கறாங்க.

திருமூர்த்தி நிமுந்து பாத்தாரு. அவருக்கு மடல்ல தப்புன்னு தோணல சார். தன்னோட படிப்பைப் பாத்துச் சிரிக்கறாங்கன்னு நெனைச்சுக்கிட்டாரு. காது ரெண்டும் செவந்துபோச்சு. ஆனா நிறுத்தல. நிறுத்தியிருந்தா நான் பொழைச்சிருப்பேன். ஒவ்வொரு சென்னிமலைக்கும் குரலை ஒசத்தி ஒசத்திப் படிக்கறாரு, அண்ணன் காதுல அந்தப் பேரு நல்லா விழோணும்னு. எனக்கு அதைப் பாக்கவே முடியல. அழுகை வந்துருச்சு. பக்கத்துல உக்காந்திருந்த பொம்பளை, என்னங்க அவ்வளவு சிரிப்பான்னு கேக்கறா.

மேடையில சென்னிமலை அண்ணன் சிரிக்கல. ஃபேனைத்தான் பாத்துட்டு இருந்தாரு. ஆனா அஞ்சு சென்னிமலைன்னப்பவே தலை லேசா ஆடுச்சு, நான் பாத்தேன். ஆறுன்னப்பப் புருவத்தைச் சுருக்குனாரு. எட்டுன்னதும் வலது கை, விசிலைத் தேடற மாதிரி சட்டைப் பைக்குப் போச்சு. அப்பத்தான் திருமூர்த்தி படிச்சாரு: "இரவு பத்து சென்னிமலைக்குத்தான் தினமும் வீடு திரும்புவார்."

மண்டபமே ஓன்னு ஆயிருச்சு. தெனமும் ராத்திரி சென்னிமலையில எந்த ஊடுன்னு ஒருத்தன் கத்தறான். ருக்குமணியக்கா மெதுவாத் திரும்பிப் புருஷனைப் பாத்தாங்க. அந்தச் சத்தத்துக்கு நடுவுல சென்னிமலை அண்ணன் ஃபேனை விட்டுட்டுத் திரும்புனாரு. நேராத் தம்பியைப் பாத்தாரு.

"பத்துக்குச் சென்னிமலைக்கு வண்டி கெடையாதுடா"ன்னாரு. "கடைசி வண்டி ஒம்பது நாப்பது."

அந்த 'டா'வைக் கவனிச்சீங்களா சார். பதினோரு வருசத்துல மொத வார்த்தை. கோவத்துல வந்துச்சா, பாசத்துல வந்துச்சா, கடவுளுக்குத்தான் தெரியும். என்னைக் கேட்டா ரெண்டுமில்ல, தொழில்ல வந்துச்சு. தப்பான டைமை ஒருத்தன் மைக்குல சொல்றான், டைம் கீப்பர் எப்படி வாயை மூடிக்கிட்டு இருப்பாரு. சொல்லி முடிச்சதுக்கு அப்பறந்தான் யார்கிட்டச் சொல்லிட்டோம்னு அவருக்கே உறைச்சிருக்கோணும். ஒதட்டைக் கடிச்சுக்கிட்டாரு. சிரிச்சுட்டு இருந்த சனம் கொஞ்சங் கொஞ்சமா அடங்கிப்போச்சு. நம்மூர்ல அந்த ரெண்டு பேரு கதை தெரியாதவங்க யாரு.

திருமூர்த்தி ஃப்ரேமைக் கீழ எறக்குனாரு. "ஒம்பது நாப்பதுங்களாண்ணா?"ன்னாரு.

"ஆமா"ன்னாரு அண்ணன். ஃபேன் பக்கம் மறுபடியும் திரும்பப் போனாரு. திரும்பிட்டாருன்னா போச்சுன்னு திருமூர்த்திக்குத் தெரிஞ்சிருச்சு. குனிஞ்சு மடலைப் பாத்தாரு. அண்ணனைப் பேச வெக்க இன்னும் என்ன மிச்சம் இருக்குதுன்னு அவசர அவசரமாத் தேடறாரு. ஒரே ஒரு வரிதான் மிச்சம். அதையும் நான் கவனிக்கல சார், அது அந்த வெப்சைட்காரன் தப்பு, மடலோட ஒட்டி வெச்சிருக்கறான். திருமூர்த்தி சத்தமாப் படிச்சாரு: "மேலும் படிக்க இங்கே தொடவும்."

படிச்சுட்டுத் தொட்டாரு சார். ஃப்ரேமைத் தூக்கிப் புடிச்சு, கண்ணாடி மேல அந்த எடத்துல விரலை வெச்சாரு. ஒருத்தர் கூட சிரிக்கல. மறுபடியும் கொஞ்சம் அழுத்தித் தொட்டாரு. ஒண்ணும் வரல.

ருக்குமணியக்கா அப்பத்தான் கூட்டத்துல என்னைக் கண்டுபுடிச்சாங்க. மேடையில இருந்து நேரா என்னையவே பாக்கறாங்க. அந்தப் பார்வையில அன்னிக்குக் கடையில கேட்ட கேள்வி அப்படியே இருந்துச்சு. நான் செருப்பைத் தேடற மாதிரிக் கீழ குனிஞ்சுட்டேன். குனிஞ்சு என்ன பண்றது, காது கேக்குது இல்லீங்களா.

"ஏனுங்ணா, காலையில சென்னிமலைக்கு மொத வண்டி எத்தனைக்குங்?"ங்கறாரு திருமூர்த்தி.

"நாலு அம்பது"ன்னாரு அண்ணன்.

"அதுக்கடுத்துங்?"

"அஞ்சு இருவது."

"அப்பறங்ணா?"

"அஞ்சே முக்கா. ஆறு அஞ்சுக்கு ஒண்ணு, அது பெருந்துறை சுத்திப் போகும்."

"பெருந்துறைக்கு நேரா எத்தனைக்குங்ணா?"

நான் நிமுந்து பாத்தேன். சாப்பாட்டுப் பந்தியில எலை போட்டுட்டாங்க, சாம்பார் வாசனை வருது, ஒருத்தர் எந்திரிக்கல. தம்பி மைக்கைப் புடிச்சுட்டு ஊரு ஊராக் கேக்கறாரு, அண்ணன் டைம் டைமாச் சொல்றாரு. ஈரோடு கேட்டாரு, தாராபுரம் கேட்டாரு, அவரு சென்மத்துல போகாத ஊரையெல்லாம் கேட்டாரு. அண்ணன் கேட்டதுக்குக் கேட்டதுக்குச் சொல்லிக்கிட்டே வந்தாரு, சொல்லச் சொல்லக் குரல் எறங்கிட்டே போச்சு. பழனிக்கு வந்தப்ப அவராலயும் முடியல. மாலையைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டாரு.

"உனக்கு எங்கடா போகோணும்?"ன்னாரு.

"எங்கியும் போகலீங்ணா"ன்னாரு திருமூர்த்தி.